சரக்கொன்றையை நகரத்தில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவோரம், வீட்டு முன்புறம், அடுக்ககத்தின் பொது இடம், பள்ளி வளாகம், பூங்கா என்று நகரத்தில் எங்கு வைத்தாலும் சமாளித்து வளர்கிற பூமரங்களில் சரக்கொன்றைக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. அது நம்மிடம் கேட்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை முதல் மூன்று வருடத்துக்குள் சரியாகக் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு நாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே போதும். நகரத்துச் சரக்கொன்றைகளில் பூக்காமல் நிற்பவை பலவும் கவனிப்பு இல்லாமல் அப்படி ஆனவை இல்லை. சின்னதாக இருந்தபோது யாரும் திரும்பிப் பார்க்காமல், பெரிதான பிறகு தண்ணீரும் உரமும் அரிவாளுமாக விழுந்து விழுந்து கவனிக்கப்பட்டவை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைத்தான் விரித்துச் சொல்கின்றன.

பூமரங்கள் எத்தனையோ இருக்க, நகரத்துக்கு ஏன் சரக்கொன்றை?

வறட்சியைத் தாங்கும். சுமாரான மண்ணிலும் வளரும். காட்டில் 20 மீட்டர் வரை போகக்கூடிய மரம், நகரத்தில் பெரும்பாலும் 25 முதல் 40 அடிக்குள் நின்றுவிடும். இரண்டு மாடி வீட்டுக்கு முன்னால் வைத்தால் வீட்டை மறைக்காது, வீடும் அதை விழுங்காது. இந்தியத் துணைக்கண்டமும் தென்கிழக்கு ஆசியாவும் இதன் பிறப்பிடம். அதனால் நம் வெயிலும் பருவமழையும் அதற்குப் புதிதல்ல. இங்குள்ள வண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் அதை நம்பி வாழ்கின்றன. தாவரவியல் பெயர் காசியா ஃபிஸ்டுலா. தாய்லாந்தின் தேசிய மலர் இதுதான், கேரளத்தின் மாநில மலரும் இதுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடும் உறைபனி விழும் ஊர்களுக்கும், மழை பெய்தால் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கும் பள்ளங்களுக்கும் இது ஆகாது.

எங்கள் தெருவில் மஞ்சளாகப் பூக்கும் மரம் நிறைய இருக்கிறது. எல்லாமே கொன்றைதானா?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பலர் ஒன்றை நினைத்து வேறொன்றை நட்டுவிடுகிறார்கள். சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். ஒவ்வொரு சரமும் ஓர் அடி நீளம், சிலசமயம் அதற்கும் மேல். கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நின்றால் அது சரக்கொன்றை இல்லை.

நிமிர்ந்த கொத்தும், துருநிற மொட்டும், வாகை போன்ற பொடி இலையும் இருந்தால் அது இயல்வாகை. அது பெருமரமாக வளரும், பலத்த காற்றில் கிளை முறியும், குறுகிய தெருவுக்குப் பொருந்தாது. மஞ்சள்கொன்றைக்கும் கொத்து நிமிர்ந்துதான் இருக்கும். அப்புறம் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்று ஓர் அயல்நாட்டு மரம் இருக்கிறது. கொன்றை என்ற பெயரில் நாற்றாகக் கைக்கு வந்துவிடும். முதுமலை, வயநாடு காடுகளில் அது ஆக்கிரமித்துப் பரவி, வனத்துறை அதை அப்புறப்படுத்த வேண்டிய நிலை வந்திருக்கிறது. தெரிந்தே அதை நடக் கூடாது.

நாற்றாக இருக்கும்போது பூவைப் பார்க்க வழியில்லை, இலையைத்தான் பார்க்க வேண்டும். சரக்கொன்றையின் சிற்றிலைகள் பெரியவை. உள்ளங்கை நீளத்துக்கு, முட்டை வடிவில், வழவழப்பாக இருக்கும். ஓர் இலைக்காம்பில் 3 முதல் 8 ஜோடிதான் வரும். சிறுசிறு இலைகள் பத்துப் பன்னிரண்டு ஜோடி அடுக்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு இடம் விட வேண்டும்?

மரத்துக்கு மரம் 20 முதல் 25 அடி. சுற்றுச்சுவரிலிருந்து 8 அடியாவது, வீட்டுச் சுவரிலிருந்து 15 அடி. இதைவிட நெருக்கினால் மரம் சாகாது. ஆனால் வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒல்லியாக உயரும், பூவும் உச்சியில் மட்டும் வரும். நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் கண்டிப்பாக வேண்டும். உயரமான கட்டடத்தின் நிழலில், அதுவும் நாள் முழுக்க நிழல் என்றால், வேறு மரம் யோசிப்பது நல்லது.

நடைபாதையில், கான்கிரீட்டுக்கு நடுவே வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் மரத்துக்கு எவ்வளவு மண் கிடைக்கிறது என்பதைக் கணக்குப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.

மர வளர்ப்பில் ஒரு பொதுக்கணக்கு உண்டு: மரத்தின் தலை விரியும் பரப்பில் ஒவ்வொரு சதுர அடிக்கும் 1 முதல் 2 கன அடி மண் வேண்டும். சரக்கொன்றையின் தலை 20 அடி அகலம் விரிகிறது என்றால் பரப்பு சுமார் 314 சதுர அடி. அப்படியானால் 300 முதல் 600 கன அடி மண் தேவை. நடைபாதையில் வழக்கமாக வெட்டும் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழக் குழியில் இருப்பது 8 கன அடி. மீதி மண்ணை வேர் எங்கே போய்த் தேடும்? கான்கிரீட்டுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் மண்ணில் புகுந்து, மேலே இருக்கும் கல்லைத் தூக்கும். அல்லது அந்தக் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, மரம் பத்தடியிலேயே நின்றுவிடும்.

வழி இதுதான். தனித்தனிக் குழிக்குப் பதிலாக நடைபாதை ஓரம் நெடுக 4 அல்லது 5 அடி அகலத்தில் மண்பட்டையாக விடச் சொல்லுங்கள். மரங்கள் வரிசையாக ஒரே மண்ணைப் பகிர்ந்துகொள்ளும். அதற்கு வாய்ப்பே இல்லையென்றால், குறைந்தது ஐந்தடிக்கு ஐந்தடி திறப்பாவது விட்டு, சுற்றிலும் சிமென்ட் பூசாமல் இடைவெளியோடு கல் பாவலாம். மரம் வந்துவிட்டதே என்று பிறகு அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசி அழகுபடுத்துவது, மரத்தின் கழுத்தைப் பிடிக்கிற வேலை. அதைக் கண்டால் தயங்காமல் தடுத்துக் கேளுங்கள்.

வேர் சுவரைப் பிளக்குமா? கழிவுநீர்க் குழாயை அடைக்குமா?

ஆலோ அரசோ செய்வதைச் சரக்கொன்றை செய்யாது. மேலே சொன்ன தூரம் விட்டால் சுவருக்குக் கவலை இல்லை. குழாயைப் பொறுத்தவரை, நல்ல குழாயை எந்த வேரும் துளைப்பதில்லை. இணைப்பில் கசிவு இருந்தால் ஈரத்தைத் தேடி வேர் அங்கே வரும், விரிசலில் நுழையும். குழாய்ப் பாதை தெரிந்திருந்தால் அதிலிருந்து 8, 10 அடி தள்ளி நடுங்கள்.

எந்த மண் ஏற்றது?

தண்ணீர் வடியும் எந்த மண்ணும் ஏற்றதுதான். செம்மண், மணல் கலந்த மண் இரண்டும் மிக நன்று. களிமண் என்றால், குழி வெட்டியதும் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் அப்படியே நின்றால் அங்கே சமமட்டத்தில் நட வேண்டாம். ஓர் அடி உயரத்துக்கு அகலமான மண்மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

நகரத்தில் பெரிய தொல்லை கட்டட இடிபாடுதான். மேலே நாலு அங்குலம் செம்மண் பரப்பியிருப்பார்கள். தோண்டினால் செங்கல் துண்டு, சுண்ணாம்புக் காரை, சிமென்ட் கட்டி. சுண்ணாம்பும் சிமென்டும் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்போது இரும்புச்சத்து மண்ணிலேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. குழியிலிருந்து வருவதில் கட்டிகளையும் காரையையும் பொறுக்கி எறிந்துவிட்டு, குறையும் அளவுக்கு நல்ல மண்ணைக் கொண்டுவந்து சேருங்கள். இந்த ஒருநாள் வேலையைத் தட்டிக்கழித்தால் பல வருடம் மஞ்சள் இலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

விதை போட்டேன், மாதக்கணக்கில் முளைக்கவில்லை. விதை கெட்டதா?

பெரும்பாலும் விதை நன்றாகத்தான் இருக்கும். அதன் தோல் தண்ணீர் உள்ளே போக முடியாத அளவுக்குக் கெட்டி. காட்டில் நரி, குரங்கு, கரடி போன்றவை காயின் இனிப்பான சதைக்காகத் தின்று, விதை அவற்றின் வயிற்றைக் கடந்து வெளியே வரும். வீட்டில் அந்தத் தோலை நாம்தான் திறந்துவிட வேண்டும்.

விதை தட்டையாக, பளபளக்கும் பழுப்பு நிறத்தில் இருக்கும். அதன் ஒரு முனையில், காயோடு ஒட்டியிருந்த தடம் சிறு புள்ளியாகத் தெரியும். முளை அந்தப் பக்கம் இருக்கும். அதற்கு எதிர்ப்பக்க விளிம்பை உப்புத்தாளில் தேய்க்கவும். அல்லது நகவெட்டியால் தோலை மட்டும் லேசாக நறுக்கவும். உள்ளே வெளுத்த சதை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். தோல் திறந்த விதை நன்றாக உப்பிவிடும். உப்பாத விதையை எடுத்து மறுபடி தேய்க்கலாம். இப்படிச் செய்தால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளை தெரியும். கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி, அது ஆறும்வரை விட்டு, ஒருநாள் ஊறவைக்கும் முறையும் உண்டு. ஆனால் அதில் எல்லா விதையும் ஒரே மாதிரி திறக்காது. நாற்றுப்பண்ணைகளில் கந்தக அமிலம் பயன்படுத்துவார்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

முளைத்த நாற்றுக்கு ஆணிவேர் சீக்கிரமே நீளும். ஆழமான பையில் வையுங்கள், முக்கால் அடியாவது.

கன்று வாங்குவதாக இருந்தால் எவ்வளவு பெரிது வாங்குவது?

பெரிய கன்றுதான் நல்லது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எட்டடிக் கன்று வாங்கினால் முதல் நாளே மரம் மாதிரி இருக்கும், சரி. ஆனால் அவ்வளவு காலம் பைக்குள் இருந்ததில் வேர் வட்டமாகச் சுருண்டு தடித்திருக்கும். மண்ணில் வைத்த பிறகும் அந்த வட்டம் பிரியாது. சில வருடம் கழித்து அடிமரம் பெருக்கும்போது, சுருண்ட வேர் அதையே இறுக்கும். நன்றாக நின்ற மரம் காரணம் தெரியாமல் வாடுவதும், சுமாரான காற்றுக்கே வேரோடு சாய்வதும் பல இடங்களில் இதனால்தான். 2 முதல் 3 அடி உயரமுள்ள, ஒரு வயதுக் கன்று போதும். முன்னே போன பெரிய கன்றை அது சில வருடத்திலேயே எட்டிப் பிடித்துவிடும்.

வாங்கும்போது பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். தடித்த வேர் பையைத் துளைத்து வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம். தண்டு ஒற்றையாக, நேராக இருக்க வேண்டும். நுனி ஒடிந்து இரண்டாகப் பிரிந்தவற்றை ஒதுக்குங்கள்.

நடும் முறை?

மழை தொடங்கியதும் நடுவது நல்லது. குழியின் ஆழம் பைமண்ணின் உயரம் எவ்வளவோ அவ்வளவே. அகலம் பையின் அகலத்தைப்போல மூன்று பங்கு. ஆழமாக வெட்டிப் புதைக்கும் வழக்கம் மரத்துக்குக் கெடுதல்தான் செய்யும். தண்டு வேராக விரியத் தொடங்கும் இடம் லேசாகத் தடித்திருக்கும். அந்தத் தடிப்பு மண்மட்டத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது புதைந்தால் பட்டை எப்போதும் ஈரத்தில் இருந்து அழுகும்.

பையைக் கிழித்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். ஓரமாகச் சுருண்டிருக்கும் மெல்லிய வேர்களை விரலால் பிரித்துவிடலாம். தடித்துச் சுருண்டதைக் கத்தரியால் வெட்டிவிடலாம். வெட்டி எடுத்த மண்ணையே திரும்ப நிரப்புங்கள், நாலில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் கலந்தால் தாராளம். குழி முழுக்க உரமண் போட்டால் வேர் வெளியே போகாமல் அங்கேயே சொகுசாக இருந்துவிடும். நட்டதும் தண்ணீர் விட்டு, மண் இறங்கியதும் மேலும் கொஞ்சம் மண் போட்டு, சுற்றிலும் வட்டப்பாத்தி கட்டுங்கள். சருகு, வைக்கோல், மரத்தூள் எது கிடைத்தாலும் மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடலாம், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி.

தண்ணீர் எவ்வளவு விட வேண்டும்?

முதல் வருடம், மழையில்லாத நாட்களில், வாரம் இருமுறை ஒரு வாளி நிறைய. தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதால் பயனில்லை. மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே நின்றுவிடும். இரண்டாம் வருடம் வாரம் ஒருமுறை இரண்டு வாளி, பாத்தியையும் அகலப்படுத்த வேண்டும். மூன்றாம் வருடம் கோடையில் மட்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

அதன்பிறகு நிறுத்திவிடுங்கள். மனசு கேட்காதுதான். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும்போது, தண்ணீர் இல்லாமல் காய்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் குழாயைக் கொண்டுவருவார். காயவில்லை, பூக்கத் தயாராகிறது. மண் ஈரம் குறைவதும் வெயில் ஏறுவதும்தான் அதற்கு நாள் குறிக்கின்றன.

உரம்?

நட்ட முதல் மூன்று வருடம், மழைக்கு முன் ஒரு கூடை மக்கிய உரம் போதும். பயறு குடும்பத்து மரம்தானே, தானே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று சிலர் நினைப்பார்கள். தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் வேர்முடிச்சுகள் சரக்கொன்றைக்கு வருவதில்லை. ஆனாலும் அதற்குத் தேவை மிகக் குறைவு. உதிரும் இலையைக் கூட்டி எரிக்காமல் தூரிலேயே மக்கவிட்டால், வளர்ந்த மரத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். யூரியா போட வேண்டாம். இலை செழிக்கும், பூ குறையும்.

கூண்டு, முட்டுக்குச்சி எல்லாம் தேவையா?

மாடு, ஆடு நடமாடும் தெருவென்றால் கூண்டு வேண்டும். முட்டுக்கு இரண்டு கம்பு, கன்றுக்கு இருபுறமும் ஓர் அடி தள்ளி ஊன்றி, நடுவில் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். காற்றுக்குத் தண்டு கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் அடி பருக்கும். ஒரு வருடத்தில் கம்பை எடுத்துவிடலாம்.

கூண்டை எப்போது கழற்றுவது என்பதை வைக்கும்போதே முடிவு செய்யுங்கள். நகரத்தில் எந்தத் தெருவிலும் இந்தக் காட்சி கிடைக்கும்: இரும்புக் கூண்டின் மேல் வளையம் மரத்துக்குள் பாதி புதைந்து, அதன் இருபுறமும் பட்டை உதடு மாதிரி புடைத்து, வளையத்துக்குக் கீழே மரம் ஒல்லியாகவும் மேலே தடித்தும் இருக்கும். இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்தப் பாதை இறுக்கப்பட்டால் வேர் பட்டினி கிடக்கும். தண்டு கூண்டுக் கம்பியைத் தொடுவதற்கு ஒரு சாண் இடைவெளி இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். ஏற்கெனவே புதைந்துவிட்டதென்றால் இழுக்க வேண்டாம். வெளியே தெரியும் கம்பியை வெட்டி எடுத்து, உள்ளே போனதை அப்படியே விட்டுவிடுங்கள். ஆணி, விளம்பரப் பலகை, அலங்கார விளக்குக்காகச் சுற்றிய கம்பி எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான்.

கவாத்து எப்போது, எப்படி?

இதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம், ஏனென்றால் சரக்கொன்றை தானாக நேராக வளரும் மரம் இல்லை. விட்டால் இடுப்புயரத்திலேயே நாலு பக்கமும் கிளைத்து, தொங்கி, புதராகும். பூங்காவில் அது அழகு. நடைபாதையில் முகத்தில் அடிக்கும்.

நட்ட இரண்டாம் வருடத்திலிருந்து நடுத்தண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதோடு போட்டியிடும் நிமிர்ந்த கிளைகளை மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள். கீழ்க்கிளைகளை ஒரேயடியாக வழித்துவிடக் கூடாது. அந்த இலைகள்தான் அடிமரத்தைப் பருக்க வைக்கின்றன. மரத்தின் உயரத்தில் மேல் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் இலையோடு இருக்கட்டும். மரம் உயர உயர, வருடத்துக்கு ஒன்றிரண்டு கீழ்க்கிளையை எடுத்து, கடைசியில் நடைபாதைப் பக்கம் எட்டடியும் சாலைப் பக்கம் பதினைந்தடியும் தலைக்கு மேல் இடம் இருக்கும்படி கொண்டுவாருங்கள். எந்த வருடத்திலும் பசுந்தலையில் கால் பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டுவது பூ முடிந்தவுடன். தள்ளிப்போட்டு மழைக்குப் பிறகு வெட்டினால் அடுத்த வருடப் பூ வர வேண்டிய கிளையையே வெட்டியதாகும்.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு வளையம் போலப் பட்டை தடித்திருக்கும். அந்த வளையத்தை வெட்டாமல், அதை ஒட்டி வெளியே வெட்டுங்கள். தடித்த கிளை என்றால் முதலில் ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் பாதி அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்து விழவிட்டு, மிச்சக் கட்டையை வளையத்தை ஒட்டி எடுக்க வேண்டும். நேராக மேலிருந்து வெட்டினால் கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும்.

காயத்தில் சாணி, தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் மரங்களின் அழுகலை ஆராய்ந்த அலெக்ஸ் ஷைகோ, பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்று காட்டியிருக்கிறார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. சுற்றிலும் தடுப்பு எழுப்பி உள்ளே பூட்டிவிடுகிறது. அந்தத் தடுப்பு வளையத்திலிருந்துதான் எழும்புகிறது, அதனால்தான் அதைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது.

மேலே மின்கம்பி போகிறது. வைக்கலாமா?

கம்பிக்கு நேர் கீழே வேண்டாம். வைத்தால் வருடாவருடம் தலையை மொட்டையடிப்பார்கள். மொட்டையடித்த இடத்திலிருந்து பத்துப் பதினைந்து குச்சிகள் விறுவிறுவென்று கிளம்பும். அவை பட்டையில் மேலோட்டமாக ஒட்டியவை, காற்றுக்கு முறியும், பூவும் தராது. கம்பி இல்லாத எதிர்ப்பக்கம் சரக்கொன்றைக்கு. கம்பிப் பக்கம் மந்தாரை, பவளமல்லி போன்ற குட்டை மரங்கள் இருக்கட்டும்.

நட்டு எத்தனை வருடத்தில் பூக்கும்? எங்கள் மரம் பத்து வருடமாகியும் பூக்கவில்லையே?

விதைக்கன்று பொதுவாக 5 முதல் 8 வருடத்தில் பூக்கத் தொடங்கும். முதல் தடவை நாலைந்து சரம்தான் வரும், ஏமாற வேண்டாம்.

பத்து வருடமாகியும் இல்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் வெயில்: மரம் வைத்தபோது இல்லாத கட்டடம் இப்போது பக்கத்தில் எழுந்திருக்கலாம். அடுத்து தண்ணீர்: புல்வெளிக்கு நடுவே நின்றால் புல்லுக்குத் தினமும் அடிக்கும் தண்ணீரும் உரமும் மரத்துக்கும் போகும், அது பசுமையாகவே இருந்துவிடும். மூன்றாவது அரிவாள்: பூக்கும் பருவத்துக்கு முன்னால் யாராவது வருடம்தோறும் வெட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். புல்வெளி மரம் என்றால் தூரைச் சுற்றி ஐந்தாறடிக்குப் புல்லை எடுத்துவிட்டு மூடாக்குப் போட்டு, பாசனத்தையும் திருப்பிவிடுங்கள். அடுத்த கோடையிலோ அதற்கடுத்த கோடையிலோ பலன் தெரியும்.

மரத்தில் புழு வந்து இலையெல்லாம் தின்றுவிட்டது. மருந்து அடிக்கலாமா?

பச்சை நிறத்தில், பக்கவாட்டில் வெளிர்மஞ்சள் கோட்டோடு இருந்தால் அது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. கட்டாப்சிலியா பேரினத்தைச் சேர்ந்தது. கொன்றை இலைதான் அதன் முக்கிய உணவு. இலையை நரம்பு வரை தின்றுவிடும், பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். வளர்ந்த மரத்துக்கு இதனால் ஆபத்தில்லை. புழுக்கள் கூட்டுப்புழுவானதும் மரம் செம்புநிறத்தில் புதுத்தளிர் விட்டுவிடும், தெருவில் வண்ணத்துப்பூச்சி கூட்டமாகப் பறக்கும். மருந்து வேண்டாம். இடுப்புயரக் கன்றில் வந்தால் மட்டும் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

மாவுப்பூச்சி, செதில்பூச்சி இளங்கன்றில் வரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மீதம் இருந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். தெளிப்பது மாலையில், பூ இல்லாத காலத்தில்.

பூத்திருக்கும்போது பெரிய கருவண்டுகள் மொய்க்கின்றன. குழந்தைகளைக் கொட்டுமா?

அவை தச்சன் தேனீக்கள். தொந்தரவு செய்யாதவரை யாரையும் சீண்டாது. ஒரு சரத்தின் அருகே நின்று பார்த்தால் அது என்ன செய்கிறது என்பது புரியும். பூவில் மூன்று கேசரங்கள் நீளமாக வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நான்கு குட்டையாக நடுவில் இருக்கும், இன்னும் மூன்று பொடியாக, பெயருக்கு. இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டு குட்டைக் கேசரங்களைக் காலால் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஓசை அப்போது கேட்கும். அந்த அதிர்வில் மகரந்தத் தூள் நுண்துளை வழியே சிதறும். குட்டையானவற்றின் தூள் வண்டுக்கு உணவு. நீண்ட கேசரத்தின் தூள் அதன் உடலில் அதற்கே எட்டாத இடத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. இந்த அதிர்வு தெரியாத பூச்சி எத்தனை வந்தாலும் மகரந்தம் சரியாகச் சேராது. தச்சன் தேனீ பட்ட மரத்தில் துளையிட்டு வாழும். மரத்திலோ பக்கத்திலோ காய்ந்த கட்டை, ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால், விட்டுவையுங்கள்.

இளம் இலைகள் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கின்றன.

இரும்புச்சத்து கிடைக்கவில்லை. சுண்ணாம்பு, சிமென்ட் கலந்த மண்ணில் வருவது. மக்கிய உரமும் மூடாக்கும் தொடர்ந்து போட்டால் மெதுவாகச் சரியாகும். அவசரத்துக்கு, காரமண்ணிலும் வேலை செய்யும் கொடுக்கிணைப்பு (செலேட்) இரும்பு உரத்தைத் தூரில் கொடுக்கலாம். முதிர்ந்த இலை மஞ்சளாகி உதிர்வது வேறு. கோடைக்கு முன் அது இயல்பு.

காய் விழுவது தொல்லையா?

ஒன்றிரண்டடி நீளக் கரும்பழுப்புக் குழல்கள், முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். கீழே வண்டி நிறுத்துகிறவர்கள் முணுமுணுப்பார்கள். உள்ளே காசு அடுக்கியது போன்ற தடுப்புகளில் கருப்புச் சதையும் விதையும் இருக்கும். சதை பேதி மருந்து. குழந்தைகள் விளையாட்டாக வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயே வேண்டாம் என்றால், செங்கொன்றையோடு கலந்து உருவான வானவில் கொன்றை என்ற கலப்பினம் உண்டு. பெரும்பாலும் காய்க்காது என்பதால் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்து ஹொனலூலு நகரத் தெருக்களில் நிறைய வளர்க்கிறார்கள். அதை ஒட்டுக்கன்றாகவோ பதியனாகவோதான் பெற முடியும்.

நல்ல நிழல் தருமா?

மழைக்காலத்திலும் அதற்குப் பின்னும் தரும். உச்சிக் கோடையில் தராது, அப்போது இலை இருக்காது. பேருந்து நிறுத்தத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நிழல்தான் நோக்கம் என்றால் புங்கம் வையுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் வரிசையில் மாற்றி மாற்றி நடலாம். ஒன்று நிழலுக்கு நிற்கும்போது மற்றது பூத்திருக்கும்.

மாடியில் தொட்டியில் வளர்க்கலாமா?

உயிரோடு இருக்கும், பூக்காது. மாடிக்கு ஆவாரை பாருங்கள். இதன் நெருங்கிய உறவு, மஞ்சள் பூ, செடியளவில் நிற்கும்.

சாலை விரிவாக்கத்தில் எங்கள் தெருச் சரக்கொன்றை போகப்போகிறது. பெயர்த்து வேறு இடத்தில் நடலாமா?

அடிமரம் கையளவு தடிமனுக்குள் இருந்தால் முயன்று பார்க்கலாம். ஆழமாகப் போகும் வேர் என்பதால் அதற்கு மேல் தேறுவது கடினம். ஒரு பருவம் முன்னதாகவே அடிமரத்தைச் சுற்றி இரண்டடி தள்ளிப் பாதி வட்டம் குழி வெட்டி, வேரை அறுத்து, மண்ணும் மக்கிய உரமும் நிரப்பி நனைத்துவர வேண்டும். சில மாதம் கழித்து மீதிப் பாதி. வெட்டிய இடத்தில் புது சல்லிவேர் வந்தபிறகு, மழைக்காலத்தில், மண்கட்டியைச் சாக்கில் இறுகக் கட்டித் தூக்க வேண்டும். ஒரே நாளில் பொக்லைன் வைத்துப் பிடுங்கி நட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் கட்டைதான். அவ்வளவு அவகாசம் கிடைக்காவிட்டால், இந்தக் கோடையிலேயே முற்றிய காய்களை எடுத்துவைத்து விதை போட்டுவிடுங்கள். உலர்ந்த விதை வருடக்கணக்கில் முளைப்புத்திறனோடு இருக்கும்.